பிடித்து நடந்த ஏழு அடி

செஞ்சி,
4-8-1985

சாரதாவுக்கு,

முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால் என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளையை நீ உன் பாதத்தைக் காட்டி எடுத்துக்கொண்டாய். அது கடவுள் கொடுத்த பாதம் என்று நீ சொன்னாய், அம்மாவும் சொன்னாள். இத்தனை வருடம் நான் நம்பினேன். அது பொய் என்று போன வாரம் எனக்குத் தெரிந்துவிட்டது.

இதை முதலில் எழுதிவிட்டேன். நலம் விசாரித்துவிட்டு எழுதலாம் என்றால் அதற்குள் கோபம் தணிந்துவிடும். இனி முறைப்படி. இங்கே நானும் கடையும் வீடும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை அடங்கியிருக்கிறதா? உன் மகள் ரஞ்சிதம் வேலைக்கு ஒழுங்காகப் போய் வருகிறாளா?

தை மாதத்திலிருந்து எனக்குக் கடையில் நிற்க முடியவில்லை. கணுக்காலுக்குக் கீழே உள்பக்கம் பிடுங்கி எடுக்கும் வலி. நம் தட்டைப் பாதம்தான், வயதாக ஆக இன்னும் இறங்கிவிட்டது. தராசுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்து வளையல் கடை மெஹபூப் பீ வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா நாயகி, ராணி மாதிரி தர்பார் நடத்துறே?" என்று கேட்டாள். அன்று இரண்டு பேருக்கு மேல் சிரித்தார்கள்.

பொட்டலம் கட்ட வாங்கும் பழைய தாளை நான் படிக்காமல் கிழிப்பதில்லை. மூன்றாம் வகுப்போடு நைனா நிறுத்திய படிப்பை அந்தத் தாள்களில்தான் நான் படித்து முடித்தேன். சித்திரை மாதம் ஏதோ ஒரு பத்திரிகையின் பாதிப் பக்கம் வந்தது. தட்டைப் பாதத்துக்குப் பயிற்சி. பாதத்தின் அடியில் சின்னச் சின்னத் தசைகள் இருக்கின்றன, அவற்றை வேலை வாங்கினால் வலி குறையும், சிலருக்கு உள்வளைவும் கொஞ்சம் எழும் என்று போட்டிருந்தது. மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் செய்தேன். ஸ்டூலை இப்போது அரிசி மூட்டைக்கு அண்டை கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் குளித்துவிட்டு ஈரக்காலோடு கூடத்தில் நடந்தவள் திரும்பிப் பார்த்தேன். என் அடியில் உள்பக்கமாக ஓர் அவரைக்காய் அகலத்துக்கு ஈரமில்லாத இடம். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு வளைவு வந்திருக்கிறது. நான் சந்தோஷப்படவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதே சிவப்புத் தரை சாரதா. என் வீட்டுக்காரர் போன பிறகு நைனா வீட்டிலேயே இருப்பதால் அந்த ஏழு அடியைத் தினமும் நான் தாண்டித்தான் கடைக்குப் போகிறேன்.

உன் மாமியார் பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி என் முன்னால் வைத்தார். அவர்கள் வீட்டு வழக்கம், பெண் அதில் கால் நனைத்து ஏழு அடி நடக்க வேண்டும். நடந்தேன். ஏழும் முழுசாகப் பதிந்தன. "முழுக்காலு பதியிற பொண்ணு வந்தா வூட்ல ஒண்ணும் தங்காது" என்றார். பிறகு டம்ளர் எடுக்க வந்த உன்னைக் காட்டி, "அந்தச் சின்னது நடக்கட்டும், பாப்போம்" என்றார். உன் ஏழு அடியிலும் ஓர் எலி நுழைந்து போகும் அளவுக்கு இடைவெளி இருந்தது. வாழைக்காய் பஜ்ஜி போட்டது நான். நாலு தின்றுவிட்டு யார் போட்டது என்று மாப்பிள்ளை கேட்டபோது அம்மா உன்னைக் காட்டினாள். எட்டு மாதம் கழித்து, பெண்டாட்டி செத்தவருக்கு என்னைக் கொடுத்தார்கள். அவர் என் பாதத்தைப் பார்க்கவில்லை. கடையைப் பார்க்கத் தெரிந்த ஆள் கிடைத்தால் போதும் என்று இருந்தார்.

சின்ன வயதில் உனக்கும் நைனாவின் கால்தான். கிணற்றடியில் உன் அடி எது, என் அடி எது என்று அளவை வைத்துத்தான் சொல்ல முடியும். பாதத்தைப் பற்றி இப்போது எனக்கு ஒன்று தெரியும். பிடித்தால் வளைவு நிற்கிறது. விட்டால் இறங்கிவிடுகிறது. அதனால் ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். அந்த ஏழு அடியும் நீ பிடித்து நடந்தாயா, விட்டு நடந்தாயா?

இதோடு என் பாதத்தை மஞ்சள் தண்ணீரில் நனைத்துப் பதித்த தாளை வைத்திருக்கிறேன். பதிலோடு திருப்பி அனுப்பு.

வேதநாயகி

&nbsp;

சைதாப்பேட்டை, மெட்ராஸ்,
20-8-1985

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை சாரதாவின் வணக்கம். உங்கள் கால்வலி குறைந்தது என்று படித்தவுடன் சாமிக்கு விளக்கேற்றினேன். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். மாடியில் துணி காயப் போட மட்டும் போவதில்லை, ரஞ்சிதமே போட்டுவிடுகிறாள்.

அக்கா, எப்போதோ நடந்ததை இப்போது ஏன் கிளற வேண்டும்? அம்மாவும் போய்விட்டார், என் மாமியாரும் போய்விட்டார். யாருக்கு யார் என்று மேலே எழுதிவைத்ததுதான் நடந்தது. பாதமும் அவன் படைப்புதானே. அதில் நான் என்ன செய்திருக்க முடியும்?

ரஞ்சிதத்துக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. நம் தளவானூர்ப் பக்கம்தான். பையன் பெயர் இளையபெருமாள், இங்கே ஓர் அச்சகத்தில் வேலை. எல்லாம் பொருந்தியிருக்கிறது. ஆனால் பையனின் அம்மாவும் தாம்பாளம் வைக்கிற வழக்கக்காரர். ரஞ்சிதத்துக்கோ அச்சாக உங்கள் பாதம். கூட்டுறவுப் பண்டகசாலையில் நாள் முழுக்க நின்று நிறுத்துப் போடுகிறாள், சாயங்காலம் கால் வீங்கி வருகிறாள். ஒரு மாதமாக அவளை வாசல்படி விளிம்பில் விரல்களை மட்டும் ஊன்றி, குதிகாலைத் தொங்கவிட்டு, ஏறி இறங்கச் சொன்னேன். வலி அதிகமாகிவிட்டது. உங்கள் தாளில் இதற்கு ஏதாவது போட்டிருக்கிறதா? தயவுசெய்து எழுதுங்கள்.

உங்கள் பாதம் பதித்த தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாரதா

&nbsp;

செஞ்சி,
24-8-1985

சாரதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வலி தவிர ரஞ்சிதம் சுகம் என்பதில் திருப்தி. எனக்குக் குறை ஒன்றும் இல்லை, கோபம் மட்டும் இருக்கிறது.

வாசல்படி விளிம்பு. குதிகாலைத் தொங்கவிட வேண்டும். இதை உனக்கு யார் சொன்னது? உன் வீட்டில் பொட்டலம் கட்டுவதில்லை. டாக்டர் சொன்னார் என்றால் டாக்டர் என்று எழுதியிருப்பாய். அவன் படைப்பு என்று எழுதிய அதே பேனாவால் அடுத்த பத்தியில் படியை எழுதிவிட்டாய்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்த மாப்பிள்ளை வருவதற்கு முந்திய ஒரு வருடம் சனிக்கிழமை தவறாமல் அம்மா உன்னைச் சிங்கவரம் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். நான் கடையில் நைனாவுக்கு எடுபிடி. "எங்கம்மா போறீங்க வாராவாரம்?" என்று கேட்டேன். "உன் கல்யாணத்துக்குத்தாண்டி வேண்டுதல்" என்றாள். நீ தலையைக் குனிந்துகொண்டு செருப்பில்லாமல் அவள் பின்னால் போனாய். திரும்பி வரும்போது கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே வருவாய். நூற்றுச் சொச்சம் படி. அத்தனை படியிலும் அம்மா உன்னை விரலில் ஏற்றினாள். என் கல்யாணத்துக்கு வேண்டுதல் என்று சொல்லி உனக்குப் பாதம் செய்துகொடுத்தாள்.

ரஞ்சிதத்துக்கு வலி அதிகமானதற்குக் காரணம் நீ கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்யவைத்தது. படியை உடனே நிறுத்து. உட்கார்ந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதலாவது: நாற்காலியில் உட்கார்ந்து, தரையில் நூறு புளியங்கொட்டை போட்டு, ஒவ்வொன்றாகக் கால் விரலால் எடுத்துக் கொட்டாங்கச்சியில் போட வேண்டும். வலதுகால் நூறு, இடதுகால் நூறு. முதல் வாரம் ஐம்பது போதும்.

இரண்டாவது: ஈரத்துண்டைத் தரையில் விரித்து, குதிகாலை எடுக்காமல், விரல்களால் சுருட்டிச் சுருட்டித் தன் பக்கம் இழுக்க வேண்டும். துண்டு முழுக்க வந்ததும் திரும்ப விரிக்க வேண்டும். பத்து தரம்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதுதான் முக்கியம். அதில்தான் எனக்கு வளைவு எழுந்தது. தாளில் அது பாதியோடு கிழிந்திருந்தது. "விரல்களை மடக்காமல், குதிகாலை நகர்த்தாமல், பாதத்தின் நடுவை" என்பதோடு சரி. மிச்சப் பாதியில், அன்றைக்கு மட்டும் அவசரத்தில் படிக்காமலே, மெஹபூப் பீக்கு மிளகு கட்டிக் கொடுத்துவிட்டேன். ஓடிப்போய்க் கேட்டால், "அத்த அடுப்புல போட்டு டீயே குடிச்சிட்டேனே, முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்கிறாள். மிச்சத்தை நானே கண்டுபிடித்தேன். எனக்கு யாரும் படி காட்டவில்லை.

அதை இப்போது எழுதமாட்டேன். என் கேள்விக்கு நீ பதில் எழுதிய பிறகு எழுதுவேன்.

வேதநாயகி

&nbsp;

அஞ்சலட்டை
சைதாப்பேட்டை, 10-9-1985

அக்காவுக்கு வணக்கம். இங்கு யாவரும் சௌக்கியம். ரஞ்சிதம் புளியங்கொட்டை எடுக்கிறாள். மற்ற விஷயம் கடிதத்தில் எழுதுகிற விஷயம் இல்லை. வருகிற தபாலை எல்லாம் இவர்தான் முதலில் வாங்குகிறார். நேரில் வரும்போது பேசிக்கொள்ளலாம்.

சாரதா

&nbsp;

செஞ்சி,
14-9-1985

சாரதாவுக்கு,

அட்டை வந்தது. தபால்காரர் பாவாடை அதைப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். "புளியங்கொட்ட எடுக்குதாமே உங்க பொண்ணு, கடையில சரக்கு கம்மியா?" என்று கேட்டார். இனிமேல் கவரில் எழுது.

நேரில் வேண்டாம். நேரில் வந்தால் நீ அழுவாய், நான் காபி போடுவேன், பேச்சு மாறிவிடும். உன் பிள்ளைகளின் காதுகுத்துக்கு வந்தேன், மஞ்சள்நீராட்டுக்கு வந்தேன், மூத்தவள் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்து பலகாரம் சுட்டேன். ஒவ்வொரு தரமும் நேரில்தான் பார்த்தோம். என்ன சொன்னாய்?

அவர் தபாலை வாங்குகிறார் என்று எழுதுகிறாய். வாங்கட்டும். படிக்கட்டும். அவருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் உன் பயமா? அப்படியென்றால் தெரியக்கூடாதது ஒன்று இருக்கிறது. பாதிப் பதில் வந்துவிட்டது, மீதியை எழுது.

நான் இப்போது கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலிலும் குதிகால் தூக்கி இருபத்தைந்து தரம் எழும்புகிறேன். மழை வந்தால் மட்டும் முழங்கால் கொஞ்சம் மக்கர் செய்கிறது. மற்றபடி சுகம்.

வேதநாயகி

&nbsp;

சைதாப்பேட்டை,
2-11-1985

அன்புள்ள பெரியம்மா,

ரஞ்சிதம் எழுதிக்கொள்வது. நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா? இரண்டு மாதமாக உங்களிடமிருந்தும் கடிதம் இல்லை, அம்மாவும் எழுதவில்லை. இரண்டு தரம் உட்கார்ந்து எழுதினார், கிழித்துப் போட்டார். கேட்டால், "உனக்கு ஒண்ணுமில்ல, நீ கொட்ட பொறுக்கு" என்கிறார்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் என்ன சண்டை என்று எனக்கு முழுதாகத் தெரியாது. உங்கள் பாதம் பதித்த தாள் மட்டும் அம்மாவின் புடவைக்கு அடியில் இருக்கிறது, பார்த்தேன். என் பாதத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. அந்த அவரைக்காய் மட்டும் எனக்கு இல்லை.

கொட்டையும் துண்டும் செய்து வலி பாதி குறைந்திருக்கிறது. முன்பெல்லாம் நாலு மணிக்கே ஒரு காலை மாற்றி ஒரு கால் தூக்கி நிற்பேன். சூப்பர்வைசர், "இன்னாம்மா கொக்கு, மீன் கிடைச்சுதா?" என்பார். இப்போது ஆறு மணி வரை தாங்குகிறது. சர்க்கரை வரும் நாளில் மட்டும் கூட்டம் அதிகம், அன்றைக்கு முடியவில்லை.

ஒன்றை உங்களிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இளையபெருமாள் எங்கள் கடைக்கு ஒரு வருடமாக வருகிறார். கார்டுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அவருக்கே தெரியும், ஆனாலும் ஒவ்வொரு மாதமும் என்னிடம் கேட்பார். அவரே வீட்டில் சொல்லித்தான் இந்த வரன் வந்தது, அம்மாவுக்கு இது தெரியாது. தையில் பெண் பார்க்க வரும்போது அவருடைய அம்மா தாம்பாளம் வைத்து என் கால் முழுசாகப் பதிந்தால் அதோடு முடிந்துவிடும் என்று அவரே சொன்னார். "எங்கம்மாவ எதிர்த்து நான் பேசினதில்ல" என்றார். அதைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் வேறு யாரையும் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது பயிற்சி என்று ஒன்று இருப்பதாக அம்மா சொன்னார். அதை நீங்கள் தரமாட்டீர்கள் என்றும் சொன்னார். உண்மையா?

உங்கள் மகள்,
ரஞ்சிதம்

&nbsp;

செஞ்சி,
6-11-1985

ரஞ்சிதத்துக்குப் பெரியம்மாவின் ஆசி.

உண்மைதான். தரமாட்டேன் என்று எழுதினேன். ஆனால் அது உன் அம்மாவுக்கு எழுதியது. உன் பாதம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இதை நான் இறங்கி வந்ததாக உன் அம்மா நினைத்தால் அது தப்பு, அப்படியே அவளிடம் படித்துக் காட்டு.

முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி ஏறுவதைப் பார்த்திருக்கிறாயா? அது பின்னங்காலைப் பக்கத்தில் இழுக்கும்போது நடு உடம்பு வளையும். எங்கள் கொல்லை மரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தாளில் கிழிந்துபோன வார்த்தை எனக்குப் புரிந்தது. நாற்காலியில் உட்கார். பாதம் முழுவதும் தரையில் இருக்கட்டும். விரல்களை நீட்டி வை, மடக்காதே. குதிகாலை அசைக்காதே. இப்போது பெருவிரலுக்கு அடியில் இருக்கும் மேட்டைக் குதிகால் பக்கமாக இழு. பாதம் குட்டையாகும், நடுவில் எழும்பும். ஆறு எண்ணும் வரை பிடி. விடு. பத்து தரம், காலையிலும் சாயங்காலமும்.

முதலில் ஒன்றும் அசையாது. எனக்குப் பன்னிரண்டு நாள் அசையவில்லை. காலுக்குப் பதில் பல்லைத்தான் கடித்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்றாம் நாள் இடதுகால் கேட்டது. உட்கார்ந்து வந்த பிறகு நின்று செய். நின்று வந்த பிறகு கடையில் நிறுத்துப் போடும்போதே செய், யாருக்கும் தெரியாது. பிறகுதான் குதிகால் தூக்குவது. படி எல்லாவற்றுக்கும் கடைசி. குத்துகிற வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடு, தசை அலுத்துப்போகிற வலி மட்டும் பரவாயில்லை.

தைக்குள் உனக்கு எலி நுழைகிற வளைவு வராது. பொய் சொல்லமாட்டேன். ஆனால் நிற்க முடியும். எனக்கு அதுதான் பெரிது, உனக்கும் அதுதான் பெரிதாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு அப்புறமும் கூட்டுறவுக் கடையில் நீதானே நிற்கப்போகிறாய், உன் மாமியாரா நிற்கப்போகிறார்?

அம்மாவை எதிர்த்துப் பேசாத பையன். நான் ஏற்கெனவே ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவர் வாயைத் திறந்தது பஜ்ஜிக்கு மட்டும்தான். உன் ஆளிடம் சொல்லிவை, இந்தத் தரம் வாய் திறக்க வேண்டியிருக்கும்.

பெரியம்மா

&nbsp;

சைதாப்பேட்டை,
25-11-1985

அக்கா,

ரஞ்சிதம் உன் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டினாள். இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். என் பதில் வராமலே நீ மூன்றாவதைக் கொடுத்துவிட்டாய். இனி எழுதாமல் இருக்க எனக்கு முகமில்லை.

சிங்கவரம் உண்மை. அம்மாவைப் பெண் பார்க்க வந்தபோதும் தாம்பாளம் வைத்தார்களாம், அதற்கு முன்னால் அம்மாவைப் பெற்ற ஆயா அவளை அதே படியில் விரலில் ஏற்றினாளாம். ஆனால் அம்மா முதலில் கூப்பிட்டது உன்னைத்தான் அக்கா. கிணற்றடியில், நான் துணி பிழிந்துகொண்டிருந்தேன். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "என் காலு இருக்கிற மாதிரிதான் இருக்கும். புடிச்சவன் கட்டிக்கட்டும், புடிக்காதவன் பஸ் ஏறட்டும்." அம்மா மூன்று தரம் கேட்டாள். நீ வாளியைக் கிணற்றில் விட்டுவிட்டுப் போய்விட்டாய். "பெரியவ கேக்கமாட்டா, நீயாவது வாடி, உன் முறை வரும்போது ஆவும்" என்று என்னைக் கூட்டிப்போனாள். உன் வரனைப் பறிக்க அவள் நினைக்கவில்லை. உன்னிடம் சொன்னால் சத்தம் போடுவாய் என்றுதான் வேண்டுதல் என்றாள்.

அம்மா பேரில் தப்பில்லை. மீதி என் பேரில்தான்.

என்னை நடக்கச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நீ நடந்து முடித்து, சுவர் ஓரமாகத் தலை குனிந்து நின்றாய். உன் ஏழு அடியும் காயாமல் இருந்தன. இவர் ஜன்னலோர நாற்காலியில் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டம்ளரை எடுக்கக் குனிந்தபோது நிமிர்ந்தார். அவ்வளவுதான் அக்கா. அதற்குள் தாம்பாளம் என் முன்னால் வந்துவிட்டது.

காலை நனைத்தபோது எனக்குத் தெரியும். விட்டு நடந்தால் என் அடியும் உன் அடி போலத்தான் பதியும். அவர்கள் எழுந்து போயிருப்பார்கள். நம் இருவரையும் வேண்டாம் என்று போயிருந்தால் உனக்கு அது அவமானமாகவே இருந்திருக்காது. விடலாம் என்று நினைத்தேன். விடவில்லை. ஏழு அடியும் பிடித்துத்தான் நடந்தேன். ஏழாவதில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, சிரித்துக்கொண்டே நின்றேன்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள்கூட நான் விரலில் நிற்கவில்லை. இரண்டு பிள்ளை பெற்றதும் பாதம் முழுக்க இறங்கிவிட்டது. இவர் ஒரு தரமும் என் காலைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், பயந்துகொண்டே இருந்தேன். மாடிக்குத் துணி காயப் போட நான் போகாததற்குக் காரணம் கால்தான். எனக்கும் வலி, அக்கா. மூன்று வருடமாகிறது. உன்னிடம் கேட்க என்ன வாய் இருக்கிறது எனக்கு?

சாரதா

&nbsp;

செஞ்சி,
20-12-1985

சாரதாவுக்கு,

படித்தேன்.

இருபது நாளாக உடம்புக்கு ஒன்றுமில்லை, எழுதத்தான் இல்லை. மெஹபூப் பீ, "இன்னா நாயகி, தராசுல கல்ல வெச்சிட்டுச் சரக்க வெக்க மறந்து நிக்கிறியே" என்று கேட்டாள். பனி என்று சொன்னேன்.

கிணற்றடியில் நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இருபத்தொரு வயதுப் பெண் கோபத்தில் சொல்வதை யாராவது கேட்பார்களா? அம்மா மூன்று தரம் கேட்டாள் என்கிறாய். நாலாவது தரம் கேட்டிருக்க வேண்டும்.

வாளி விழுந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது கயிறு அறுந்து விழுந்தது.

விட்டு நடந்திருந்தால் எனக்கு அவமானமாக இருந்திருக்காது என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை நான் நாலு தரம் படித்தேன். அது சரி. மற்றதற்கெல்லாம் நான் இன்னும் பதில் யோசிக்கவில்லை.

வேதநாயகி

&nbsp;

சைதாப்பேட்டை,
5-1-1986

அன்புள்ள பெரியம்மா,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முந்தாநாள் எனக்குக் கம்பளிப்பூச்சி ஏறிவிட்டது! இரண்டு காலும். அன்றைக்குச் சர்க்கரை நாள், ஒன்பது மணி நேரம் நின்றேன். சூப்பர்வைசர் அன்றைக்குக் கொக்கு என்று கூப்பிடவே இல்லை. ஈரக்காலில் பார்த்தால் உள்பக்கம் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு மட்டும் காய்ந்த இடம் தெரிகிறது. பிடித்தால் கொஞ்சம் பெரிதாகிறது.

தை பதினொன்றாம் தேதி பெண் பார்க்க வருகிறார்கள். தளவானூரிலிருந்து மெட்ராஸ் தூரம் என்று யோசிக்கிறார்கள். எப்படியும் தாம்பாளம் வருமாம். பிடித்து நடக்கட்டுமா என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உங்களைக் கேட்கிறேன்.

ரஞ்சிதம்

&nbsp;

செஞ்சி,
9-1-1986

சாரதாவுக்கு,

இது உனக்கும் ரஞ்சிதத்துக்கும் சேர்த்து. பொங்கலுக்கு எல்லோரும் சுகமாக இருங்கள். எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை, ஒற்றைக்காலில் குதிகால் தூக்கிப் பதினைந்து வருகிறது.

நீ செய்ததை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு அது வராது. ஆனால் அதே தாம்பாளத்தை இன்னொரு பெண்ணின் முன்னால் வைக்க நான் விடப்போவதில்லை. ஆகவே செய்ய வேண்டியவற்றையும் யார் செய்ய வேண்டும் என்பதையும் கீழே எழுதுகிறேன். மாற்றம் கிடையாது.

பெண் பார்ப்பதை இங்கே, நைனா வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். தளவானூர் பக்கம்தானே, அவர்களுக்கும் சுலபம். நீ இன்றைக்கே அவர்களுக்குத் தெரியப்படுத்து.

ரஞ்சிதம் மூன்று பயிற்சியையும் பெண் பார்த்த மறுநாளும் செய்ய வேண்டும். கல்யாணத்துக்கு மறுநாளும் செய்ய வேண்டும். உன்னைப் போல விட்டுவிடக் கூடாது.

நீ நாளைக் காலையிலிருந்து புளியங்கொட்டையில் ஆரம்பிக்க வேண்டும். ஐம்பது. எத்தனை எடுத்தாய் என்று வாராவாரம் எனக்கு எழுத வேண்டும். படி பக்கம் போகக் கூடாது.

கடைசிக் கடிதத்தில் என்னை நீ என்று எழுதியிருந்தாய். இனி அப்படியே எழுத வேண்டும்.

இந்தத் தரமும் வாழைக்காய் பஜ்ஜி நான்தான் போடுவேன். அன்றைக்குப் போட்டது யார் என்று உன் வீட்டுக்காரரிடம் நீ சொல்ல வேண்டும். புறப்படும் முன்பே சொல்லிவிடு, இங்கே வந்து சொன்னால் அவருக்குப் புரையேறும்.

பையனின் அம்மா தாம்பாளத்தை எடுத்ததும் மெஹபூப் பீ அதை வாங்கி என்னிடம் தர வேண்டும். அவளிடம் பேசிவிட்டேன். "தாம்பாளத்த மட்டுந்தானே? மாமியாரையும் வேணா தூக்கியாறேன்" என்கிறாள். தண்ணீர் நான் ஊற்றுவேன். முதலில் இளையபெருமாள் நடக்க வேண்டும். அவனிடம் ரஞ்சிதம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அவன் அம்மாவை எதிர்த்துப் பேச வேண்டியதில்லை, எழுந்து கால் நனைத்தால் போதும். அவன் எழாவிட்டால் ரஞ்சிதமும் நடக்கத் தேவையில்லை, அவர்கள் பஸ் ஏறலாம். அவன் நடந்தால் அடுத்து அவன் அம்மா நடக்க வேண்டும். அதற்குப் பிறகு ரஞ்சிதம், விட்டு நடக்க வேண்டும். எது பதிகிறதோ அதுதான் அவள்.

உன் வீட்டுக்காரர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார வேண்டும். அந்த நாற்காலி இருக்கிறது, ஒரு கால் மட்டும் ஆடுகிறது, முட்டுக் கொடுத்துவிடுவேன். அவர் தரையைப் பார்க்க வேண்டும்.

எல்லோரும் முடிந்த பிறகு நாம் இருவரும். நான் பிடித்து நடப்பேன். நீ விட்டு நடக்க வேண்டும்.

வேதநாயகி